பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!



கடைக்குப் பழைய சாக்கு வாங்கினால்கூட உதறிப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். உளுந்து மூட்டையில் கைவிட்டு அடிச்சரக்கை எடுத்துப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. ஆனால் பழைய ஜீப் ஒன்று பட்டறை வாசலில் புதுப் பெயின்ட்டோடு நிற்பதைக் கண்டால் மட்டும், இத்தனை ஆண்டு வியாபார அனுபவமும் எங்கோ போய்விடுகிறது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் அண்மைக் காலமாகப் பழைய ஜீப் வாங்கும் ஆசை நம் வணிகர்களிடையே கூடி வருகிறது. ஒரு காலத்தில் பி.டி.ஓ. ஜீப், போலீஸ் ஜீப், தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் என்று ஊருக்குள் வந்த வண்டிகளைப் பின்னால் ஓடிப் பார்த்தவர்கள் நாம். இன்று கையில் நாலு காசு சேர்ந்ததும் அதே வண்டியை வாங்கி நிறுத்தத் தோன்றுகிறது. அந்த ஆசையில் தவறில்லை. கடையின் முதலை எடுத்து அதில் போடும்போது கணக்கும் சட்டமும் தெரிந்து போட வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்காகவே இக்கட்டுரை.

எந்த வண்டி, எந்தக் காலம்?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்துக்காக உருவானது ஜீப். வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து தள்ளின. 1945-ல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பாகம் பாகமாகக் கோத்து விற்கத் தொடங்கியது. பின்னர் சி.ஜே.3பி என்ற மாடல் பல்லாண்டுகள் இங்கேயே தயாராயிற்று. உயரமான பானெட், குட்டையான உடல், 80 அங்குல வீல்பேஸ், 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஆகியவை அதன் அடையாளங்கள்.

பெட்ரோல் விலை ஏறியபோது டீசல் இன்ஜின்கள் வந்தன. டிராக்டர் வழியாக வந்த இன்டர்நேஷனல் இன்ஜின் ஒன்று. பிரெஞ்சு நாட்டுப் பீஜோ இன்ஜின் மற்றொன்று. எம்.எம்.540, கமாண்டர், மேஜர் என்று நம் ஊரில் ஓடிய வண்டிகள் பெரும்பாலும் இந்த டீசல் வம்சந்தான். தேனி மாவட்டத்துப் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்றவையும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு இன்றும் ஏறுபவையும் இவ்வகை வண்டிகளே. மலைப்பாதையில் இவற்றுக்குத் தேவை இருப்பதால் ஓட்ட நிலையில் உள்ள வண்டிகள் நல்ல விலைக்குப் போகின்றன.

இவை தவிர, 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி உண்டு. ஜபல்பூர் இராணுவத் தொழிற்சாலையில் 1999 வரை செய்யப்பட்ட ஜோங்கா உண்டு. ஜோங்காவில் இருப்பது ஏறத்தாழ 4 லிட்டர், 6 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பார்க்கக் கம்பீரமான வண்டிதான். ஆனால் அதன் பசிக்குத் தீனி போட மளிகைக்கடை வருமானம் போதாது.

வண்டிக்கு முன் காகிதம்

வண்டியைப் பார்க்கும் முன்பே ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாமே ஒருமுறை ஏமாந்தோம். திண்டிவனத்தை அடுத்த ஒரு பட்டறையில் நல்ல நிலையில் ஒரு ஜீப். இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யும் பொருந்தின. புரோக்கர் அவசரப்படுத்தினார், வேறு ஆள் வந்து நிற்கிறார் என்றார். முன்பணம் கொடுத்துவிட்டோம். மறுநாள் வண்டி தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் சேசிஸ் எண் இருந்த இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மேலே காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசினார். இரண்டு இலக்கங்கள் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகவும் கோணலாகவும் விழுந்தன. யாரோ பிற்பாடு அடித்த எண். ஓடாமல் போன வேறொரு வண்டியின் ஆர்.சி.யை வைத்துக் கோத்த வண்டி அது. வண்டியை எடுக்கவில்லை, முன்பணமும் திரும்பவில்லை. முழுத் தொகையும் கொடுத்திருந்தால் பணம் போனதோடு போலீஸ் நிலையத்துக்கும் நடந்திருப்போம்.

ஆகவே பின்வருவனவற்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்:

1. சேசிஸ் எண்ணைப் பென்சிலால் உரசி எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் வெல்டிங் தழும்போ, புதுப் பெயின்ட்டோ இருந்தால் விலகிவிடுங்கள்.

2. மத்திய அரசின் பரிவாகன் இணையத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எந்தத் தேதி வரை செல்லும், கடன் அடமானம் உண்டா, அபராதம் பாக்கி உண்டா என்பன தெரியும். கையால் எழுதிய பழைய ஆர்.சி.கள் சில கணினியில் ஏற்றப்படாமலே கிடக்கும். அப்படி இருந்தால் ஏற்றித் தரும் பொறுப்பை விற்பவரிடமே விடுங்கள்.

3. ஃபைனான்ஸ் பெயர் ஆர்.சி.யில் இருந்தால் நிறுவனத்தின் கடன் தீர்வுச் சான்றும், படிவம் 35-ம் இன்றிப் பணம் கொடுக்க வேண்டாம்.

4. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையொப்பம் வாங்குங்கள். வேறு அலுவலக எல்லையிலிருந்து வரும் வண்டிக்குத் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28 வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது நம்மில் பலருக்குள்ள பழக்கம். வண்டி விபத்தில் சிக்கினால் விற்றவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து.

5. புதுச்சேரிப் பதிவு வண்டி நமக்கு அருகிலேயே கிடைக்கும். விலையும் குறைவாகத் தோன்றும். ஆனால் வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். திண்டிவனத்தில் டி.என்.16, விழுப்புரத்தில் டி.என்.32 எண்ணுக்கு மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

6. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை போட்டது. உச்ச நீதிமன்றமும் 2018-ல் அதை உறுதி செய்தது. அதன்பின் வடக்கேயிருந்து ஏராளமான வண்டிகள் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வந்தன. தடையில்லாச் சான்று இல்லாமல் வந்த வண்டியை இங்கே யார் பெயருக்கும் மாற்ற முடியாது. அது வண்டியல்ல, வெறும் இரும்பு.

அரசு ஏலத்தில் எடுக்கலாமே என்று சிலர் கேட்கின்றனர். முன்பு அது நல்ல வழியாக இருந்தது. ஆனால் 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய, மாநில அரசுகளுக்குச் சொந்தமான 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவு செல்லாது என்று விதி வந்துவிட்டது. அவை உடைப்பதற்கு மட்டுமே போக வேண்டும். "கவர்ன்மென்ட் ஏல வண்டி, பேப்பர் பிறகு வரும்" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதிவுப் புதுப்பிப்புச் செலவு

சொந்த உபயோக வண்டியின் முதல் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நாம் பேச்சு வழக்கில் எஃப்.சி. என்கிறோம். காருக்கும் ஜீப்புக்கும் முன்பு 600 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரிகள் தனி. நாம் தேடும் ஜீப்புகள் எல்லாமே 20 ஆண்டைத் தாண்டியவைதாம்.

பதிவு காலாவதியான வண்டிக்குத் தாமதக் கட்டணம் மாதம் 500 ரூபாய் என்று 2021-ம் ஆண்டு அறிவிப்பு சொல்கிறது. 5 ஆண்டு கிடந்த வண்டி என்றால் 60 மாதம், 30,000 ரூபாய். எனவே களத்துமேட்டில் பல ஆண்டு நின்ற வண்டியை "மலிவாகக் கிடைத்தது" என்று வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பாக்கி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

வண்டியைப் பார்ப்பது எப்படி?

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நாம் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று பொருள். ஸ்டார்ட் செய்ததும் வரும் புகை நீலமாக இருந்து நிற்காமல் தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜினை இறக்க வேண்டி வரும். டீசல் வண்டி ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே புகை குப்பென்று தள்ளினால் பிஸ்டன், ரிங் தேய்ந்துவிட்டன.

அடுத்தது சேசிஸ். மரக்காணம் உப்பளப் பகுதியில் ஓடிய வண்டி, மீன் ஏற்றிய வண்டி என்றால் இரு மடங்கு எச்சரிக்கை தேவை. உப்புக்காற்று இரும்பை உள்ளிருந்து தின்னும். சிறு சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. சொத்தை மரத்தைத் தட்டியது போல் மங்கலாக ஒலித்தால் அங்கே துரு. பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடங்களில் விரிசலும் ஒட்டு வெல்டிங்கும் இருக்கின்றனவா என்று படுத்துப் பாருங்கள். வேட்டி அழுக்காகுமே என்று பார்த்தால் பணம் போய்விடும்.

ஃபோர் வீல் என்று சொல்லி விற்கும் வண்டிகளில் பல உண்மையில் பின் சக்கரம் மட்டும் இழுப்பவை. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கை பிரேக் போடுங்கள். முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். முன் ஹப்பில் லாக் இருந்தால் அதைப் பூட்டிவிட்டு ஃபோர் வீல் கியரைப் போடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றக்கூடாது. கியரை எடுத்தால் சுற்ற வேண்டும். இரண்டு நிலையிலும் சுற்றினால் அந்தக் கியர் வெறும் அலங்காரம். வாங்கிய பிறகும் ஒன்று நினைவிருக்கட்டும்: இவ்வகை ஜீப்பில் ஃபோர் வீலைச் சேற்றிலும் மணலிலும் மட்டுமே போட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டினால் உள்ளே பற்சக்கரங்கள் முறுக்கேறி உடையும்.

டயரையும் கவனியுங்கள். பழைய ஜீப்பின் 6.00-16 அளவும் டிராக்டரின் முன் டயர் அளவும் ஒன்றே. மலிவு என்று டிராக்டர் டயரை மாட்டியிருப்பார்கள். அது நெடுஞ்சாலை வேகத்துக்குச் செய்ததல்ல.

பட்டறை வேலையில் முறை

வண்டி வாங்கியதும் பலர் முதலில் செய்வது பெயின்ட். அதுதான் கடைசியில் செய்ய வேண்டியது. பிரேக், ஸ்டீயரிங், சேசிஸ், இன்ஜின், கியர் பாக்ஸ், ஒயரிங், அதன் பிறகே டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்ற வரிசையில் போக வேண்டும். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் குழாய் வழி. ஓரிடத்தில் ஆயில் கசிந்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். எனவே பிரேக் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இராணுவத்திலிருந்து வந்த வண்டிகளில் 24 வோல்ட் ஒயரிங் இருப்பதுண்டு. பேட்டரி இரண்டு, பல்பும் தனி. உதிரிப் பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டையும், அங்கே கிடைக்காதவற்றுக்கு டெல்லி காஷ்மீரி கேட்டும் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடங்கள். கழற்றும் பாகங்களுக்கு எண் போட்டு, சரக்கு இருப்புப் பதிவேடு போல ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பட்டறையில் 6 மாதம் நிற்கும் வண்டியில் நல்ல கார்புரேட்டர் காணாமல் போவது புதிதல்ல.

மாற்றம் செய்யலாமா?

இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் போடுவது, சேசிஸை வெட்டி நீட்டுவது, பெரிய டயர் மாட்டுவது, முன்னால் இரும்புக் கம்பி வேலி கட்டுவது என்று பட்டறைக்காரர் ஆசை காட்டுவார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில், உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று வந்தது. தேய்ந்த இன்ஜினை அதே வகை இன்ஜினாக மாற்ற வேண்டுமென்றாலும் முன்கூட்டியே அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும்.

முன் கம்பி வேலி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசால் தடை செய்யப்பட்டது. மற்றொரு பொதுவான தவறு, "மிலிட்டரி பச்சை" பெயின்ட். அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. மோட்டார் வாகன விதி 121 இதைச் சொல்கிறது. பெயின்ட்டுக்குக் காசு கொடுத்து, அழிப்பதற்கும் காசு கொடுத்தவர்கள் உண்டு.

மாற்றம் செய்யாமல் இருந்தால் பின்னால் ஒரு நன்மையும் இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துக்கள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம்; அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ கூடாது. இந்தப் பதிவுக்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சி.ஜே.3பி ஒன்றை வெட்டி ஒட்டி அலங்கரித்தால் அந்தத் தகுதியும் போகிறது, விவரம் தெரிந்தவர் கொடுக்கும் விலையும் போகிறது.

கடைக்கு உதவுமா?

"சரக்கு டெலிவரிக்கும் ஆகுமே" என்பது வீட்டாரைச் சமாதானப்படுத்த நாம் சொல்லும் காரணம். சொந்த உபயோகக் கார் காப்பீட்டில் உங்கள் தொழில் நிமித்தம் பயணம் செய்ய இடமுண்டு. ஆனால் மாதிரிச் சரக்கும் சொந்தப் பெட்டி படுக்கையும் தவிர மற்றச் சரக்கு ஏற்றுவதும், வாடகைக்கு ஓட்டுவதும் அதில் சேராது. பத்து மூட்டை அரிசியோடு செஞ்சிச் சாலையில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். சரக்குக்குச் சரக்கு வண்டிதான் சரி.

கடைப் பெயரில் வாங்கினாலும் இதுபோன்ற பயணிகள் வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. பிறகு விற்கும்போது, ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடை என்றால் லாபத் தொகைக்கு 18 சதவீதம் வரி. தேய்மானம் எழுதியிருந்தால் தேய்மானம் போக நின்ற மதிப்புக்கு மேல் கிடைப்பதே லாபம் எனக் கணக்கிடப்படும். விற்பனையின்போது 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். வங்கி வழியாகவே கொடுக்கல் வாங்கல் நடக்கட்டும்.

ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். வண்டி விலை 1,80,000. பட்டறைச் செலவு 1,60,000. காகிதம், காப்பீடு, வரி 20,000. ஆக 3,60,000. வண்டி பட்டறையில் நிற்கும் 6 மாதத்தில் முடங்கும் பணம் சராசரியாக 2,70,000 என்று கொண்டாலும், மாதம் ஒன்றரை வட்டிக்கு 24,300 ரூபாய். மொத்தம் 3,84,300. வாங்கும் விலையைப் போல இரு மடங்குக்கு மேல்! இந்தத் தொகையைச் சித்திரை உளுந்துக் கொள்முதலில் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை ஒவ்வொருவரும் தம் கணக்கில் போட்டுப் பார்க்கட்டும்.

அப்படிப் பார்த்த பிறகும் ஆசை நிலைத்தால் வாங்குங்கள். ஆனால் கடை முதலில் கை வைக்காமல், லாபத்தில் ஒதுக்கிய பணத்தில் வாங்குங்கள். கடனுக்குச் சரக்கெடுத்த மொத்த வியாபாரிக்குத் தவணை தள்ளி ஜீப்புக்கு டயர் போடும் நிலை நம் யாருக்கும் வரவேண்டாம். காகிதம் சுத்தமான வண்டியாக, சேசிஸ் உறுதியான வண்டியாக, முடிந்தவரை அசல் வடிவில் உள்ள வண்டியாகத் தேர்ந்தெடுங்கள். போகும்போது விவரம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். முன்பணம் கேட்டு அவசரப்படுத்தும் புரோக்கரிடம் "நாளை வருகிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

நல்ல சரக்கு நாளையும் இருக்கும். நாளைக்கு இல்லாவிட்டால் அடுத்த சந்தையில் இருக்கும். இது நாம் நம் வாடிக்கையாளரிடம் தினமும் காணும் பொறுமைதான். அதை ஜீப் வாங்கும்போதும் கடைப்பிடிப்போம்.